கயிறு இழுத்த பிறகு ஆறு நிமிடம்

1

தேவசி இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அதையொட்டி, நான் வேலை பார்க்கும் பெர்லின் திரைப்படக் காப்பகத்தில் அவருடைய படம் ஒன்றைச் சுத்தம் செய்து திரையிடுவது என்று முடிவானது. எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு வருடமாக எல்லோரையும் நச்சரித்தது நான்தான்.

தேவசியை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. கேரளத்திலேயே பலருக்குத் தெரியாது. மலையாளத்தில் ஐந்து படம் எடுத்தார். எதிலும் கதை கிடையாது, பாட்டு கிடையாது, பாதிக்கு மேல் சத்தமே கிடையாது. ஒன்றுகூடத் தியேட்டருக்கு வரவில்லை. இரவல் கேமராவும், மற்றவர்கள் படம் எடுத்து மிச்சம் வைத்த பிலிம் சுருளும்தான் அவருடைய சொத்து. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டு லீவு நாளில் படம் எடுத்தவர். அதனால் அங்கே எல்லோருக்கும் அவர் தேவசி மாஷ்.

அவருடைய மூன்றாவது படத்துக்கு 'மரமில்லாத்த திக்கு' என்று பெயர். அது கேரளத்தில் எடுத்ததில்லை. எங்கள் பேரையூர்க் காட்டில் எடுத்தது. கேரளத்தில் எந்த முகத்துக்கு நேராகக் கேமராவை வைத்தாலும் பின்னால் பச்சை வந்து நிற்கிறது, முகத்தைப் பார்க்கவிடுவதில்லை என்று சொல்லி, குமுளி இறங்கி, தேனி தாண்டி, உசிலம்பட்டி தாண்டி, பின்னால் ஒன்றுமே இல்லாத ஒரு கரிசலைத் தேடி வந்திருக்கிறார். பருத்தி எடுக்கிற பெண்களை ஒவ்வொருவராக நிற்கச் சொல்லி, கேமராவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். படம் அவ்வளவுதான். ஏழு பெண்கள், ஏழு முகங்கள்.

கடைசி முகம் என் அம்மா பேச்சியம்மாளுடையது. அப்போது அவளுக்கு இருபது வயது.

இந்த விஷயத்தை நான் எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. மதுரைக் கல்லூரியில் படிக்கும்போது படக்கழகத்தில், மங்கிப்போன பிரதி ஒன்றை வெள்ளைத் துணியில் போட்டுக் காட்டினார்கள். ஆறு முகம் போய் ஏழாவது முகம் வந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர்கள் "உக்காரும்மா, மறைக்குது" என்று கத்தினார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததே ஏழாம் வகுப்பில் நான்தான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள் திரையில் தன் தாயைப் பார்க்கிறாள் என்றால் யார்தான் கேட்க மாட்டார்கள்? முனைவர் பட்ட விண்ணப்பத்தில் அதைத்தான் எழுதினேன். ஜெர்மனிக்கு என்னைக் கூட்டிவந்தது அந்த ஒரு பத்திதான்.

போன மாதம் காப்பகத்தின் சட்டப் பிரிவிலிருந்து ஒரு படிவம் வந்தது. படத்தில் அடையாளம் தெரிகிற ஆட்கள் உயிரோடு இருந்தால் அவர்கள் சம்மதம் வேண்டும், நோட்டரி முன்னால் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மற்ற ஆறு பெண்களின் பெயர் யாருக்கும் தெரியாது. பெயர் தெரிந்த ஒரே முகம் அம்மாதான். ஊரெல்லாம் அந்தப் பெயரைச் சொன்னவள் நான்.

2

என் காலைகள் இங்கே இப்படிப் போகும். என் மகள் இனியாவுக்கு மூன்று வயது. அவளை எழுப்பி, மூன்று அடுக்கு உடுப்பு மாட்டி, காப்பகத்துக்கு எதிர்த்திசையில் இருக்கிற மழலையர் பள்ளியில் விட்டு, இரண்டு ரயில் மாறி, ஜன்னல் இல்லாத ஓர் அறைக்குள் போய் உட்காருவேன். பழைய பிலிமை ஒவ்வொரு சட்டகமாகக் கணினிக்குள் ஏற்றுவதும், கீறலையும் தூசியையும் துடைப்பதும் வேலை. வேலை ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். விசா அந்த ஒப்பந்தத்தோடு கட்டிக்கிடக்கிறது.

மொழி இன்னும் முழுசாக வசப்படவில்லை. விசாவுக்காக வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போன தடவை, அங்கே இருந்த அதிகாரி அம்மாளை 'நீங்கள்' என்பதற்குப் பதில் 'நீ' என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை ஒரு வாரத்துக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. இனியாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவளுக்கு அந்த மொழி உமிழ்நீர் மாதிரி ஊறுகிறது. தமிழ்தான் ஊறுவதில்லை. மாடிவீட்டு ஜெர்மன்காரக் கிழவியை அவர்கள் மொழியில் பாட்டி, 'ஓமா', என்று கூப்பிட்டு மடியில் ஏறிக்கொள்கிறாள். பேரையூரில் இருக்கிற என் அம்மாவுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'போன் அம்மாச்சி'.

சனிக்கிழமை காலை எங்களுக்கும் அம்மாவுக்கும் பேச்சு நேரம். அம்மா அங்கே சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவிக்குப் போகிறாள், சனி ஞாயிறு விடுமுறை. படிவத்தை அனுப்பி விஷயத்தைச் சொன்னேன்.

"தல்லாகுளத்துல ஒரு நோட்டரி வக்கீல் இருக்காரும்மா. பேசிட்டேன். ஒரு கையெழுத்து. அம்புட்டுதான்."

"என்னத்துக்குடி?"

"நீ நடிச்ச படத்துக்கு."

"நான் எங்க நடிச்சேன்? நின்னேன்" என்றாள்.

ஆனால் போவதாக ஒத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று பஸ் மாறி, பெரியார் நிலையத்தில் இறங்கி, தல்லாகுளம் போயிருக்கிறாள். நான் வேலைக்கு நடுவில் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையெழுத்தான படிவத்தின் போட்டோ வரும் என்று. போட்டோ வரவில்லை. சாயங்காலம் அம்மாவே கூப்பிட்டாள். வீட்டுக்குத் திரும்பியிருந்தாள்.

"போடலை" என்றாள்.

"ஏன், வக்கீல் இல்லையா?"

"இருந்தாரு. நல்ல மனுசன். மின்விசிறிக்குக் கீழ உக்காரச் சொன்னாரு. ஆதாரைப் பாத்தாரு. இந்தாங்கம்மா இங்கன போடுங்கன்னாரு. இதுல என்னா எழுதியிருக்கு சார்னு கேட்டேன். உங்க மக அனுப்புனதுதானம்மா, போடுங்கன்னாரு. மக அனுப்புனா என்ன, படிச்சுச் சொல்லுங்கன்னேன். படிச்சாரு. 'இந்தப் படப்பிடிப்பு முழுவதற்கும் நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் சம்மதித்தேன்'னு இருக்காம். அது இல்லையே சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"எது இல்லை?"

"முழுசுக்கும் சம்மதிக்கலையே. கயிறு இழுக்குற வரைக்கும்தானே."

3

கயிற்றைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் தேவசியைப் பற்றி எழுதிய எல்லோரும் கயிற்றைப் பற்றித்தான் எழுதினார்கள். நானும்தான்.

படம் எடுக்கப்படுகிறவர்தான் படம் எப்போது முடிய வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும் என்பது தேவசியின் கொள்கை. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு சணல் கயிற்றின் ஒரு முனையைத் தன் இடது மணிக்கட்டில் கட்டிக்கொள்வார். மறுமுனையை எதிரில் நிற்பவர் கையில் கொடுத்துவிடுவார். "மதியெந்நு தோந்நும்போள் வலிச்சோ" என்பார். போதும் என்று தோன்றும்போது இழு. இழுத்தால் கேமரா நின்றுவிடும். சிலர் பத்து விநாடியில் இழுத்துவிடுவார்கள். சிலர் சிரித்துக்கொண்டே நாலு நிமிடம் நிற்பார்கள். அப்படியே படத்தில் சேர்ப்பார்.

என் ஆய்வேட்டில் அதற்கு ஒரு முழு அத்தியாயம். 'கயிறும் அறமும்' என்று தலைப்பு. கேமராவை வைத்திருப்பவன் அதிகாரத்தை எதிரில் இருப்பவர் கையில் கொடுத்த ஒரே இந்தியக் கலைஞன் என்று எழுதினேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது அம்மா முகம். ஏழு முகங்களில் அதுதான் நீளம். பதினோரு நிமிடம், ஒரு சுருள் முழுவதும். ஐந்தாவது நிமிடத்துக்கு மேல் அந்த முகத்தில் ஏதோ நடக்கும். உதடு இறுகும். கண் வலப்பக்கம் ஓடி ஓடித் திரும்பும். அழுகை வந்து வந்து நிற்கும். கடைசியில் கண்ணில் தண்ணீர் இறங்கும், ஆனால் முகம் அசையாது. சத்தமில்லாத அந்த ஆறு நிமிடத்தைப் பற்றி மட்டும் பலர் பல மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். 'மழை மறுக்கப்பட்ட நிலத்தின் முகம்' என்று நான் எழுதினேன். பதினோரு நிமிடமும் அந்தப் பெண் கயிற்றை இழுக்கவில்லை, தன் துயரத்தைக் காட்ட அவளே தீர்மானித்தாள் என்றும் எழுதினேன்.

அம்மாவை நான் கேட்கவில்லை. உண்மையில் ஒரே ஒரு முறை கேட்டேன், கல்லூரியில் படம் பார்த்துவிட்டு வந்த வாரம். "ஆமா, ஒரு மலையாளத்து ஆளு வந்து படம் பிடிச்சாரு" என்றாள். பிறகு கோழியை விரட்டப் போய்விட்டாள். அதோடு விட்டுவிட்டேன். தேவசியைப் பற்றி எழுதிய, பாரிஸில் இருக்கிற பேராசிரியருக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பினேன். பேரையூருக்கு ஒரு கேள்வி அனுப்பத் தோன்றவில்லை.

இப்போது போனில் எனக்குக் கோபம்தான் வந்தது.

"அம்மா, நீ இழுக்கவே இல்லை. நான் அந்தப் படத்தை நூறு தடவை பாத்திருக்கேன்."

"நீ பாத்தே. நான் இழுத்தேன்."

"இழுத்திருந்தா அவர் நிறுத்தியிருப்பாரு. அவர் அப்படிப்பட்ட ஆளு இல்லை."

"சரிங்க டாக்டர்" என்றாள் அம்மா. அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. வைத்துவிட்டாள்.

4

இரண்டு நாள் நான் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டபோது அவளே ஆரம்பித்தாள். அரிசி புடைத்துக்கொண்டே பேசினாள், சத்தம் கேட்டது.

"உனக்கு எட்டு மாசம். காட்டு ஓரத்துல கருவேல மரத்துல தொட்டில் கட்டிப் போட்டுட்டுத்தான் நாங்க எல்லாரும் பருத்தி எடுப்போம். அந்த ஆளு என்னை நிக்கச் சொன்னாரு. நின்னேன். கயிறு குடுத்தாரு. நல்லாத்தான் இருந்துச்சு, சும்மா நிக்கிறது. கொஞ்ச நேரத்துல நீ அழ ஆரம்பிச்சே. பசி அழுகை எனக்குத் தெரியாதா? இது வேற அழுகை. வீச்சுவீச்சுன்னு. இழுத்தேன். அவரு கையை இப்பிடித் தூக்கி, ஒரு மினிட் ஒரு மினிட்டுன்னாரு. திரும்ப இழுத்தேன். கண்ணைக் கேமராவுல வச்சுக்கிட்டுத் தலையை மட்டும் ஆட்டுறாரு. மூணாவது தடவையும் இழுத்தேன்."

"விட்டுட்டு ஓடிர வேண்டியதுதானேம்மா?"

"காட்டுக்காரரு பக்கத்துல நிக்கிறாரு. வெளியூர் சாரு, முடிக்கட்டும்ட்டாரு. அவரு காட்டுலதான் நாளைக்கும் நான் எடுக்கணும். எனக்கு இருபது வயசு. இப்பவா இருந்தா கயிறை அறுத்து அவங்க மூஞ்சியில எறிஞ்சிருப்பேன்." புடைக்கும் சத்தம் நின்றது. "ஓடிப் போய்ப் பாத்தா தொட்டில் பூராம் எறும்பு. செவ்வெறும்பு. உன் காதுக்குப் பின்னால கொத்தாப் புடிச்சிருக்கு."

என் இடது காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு உண்டு. சீழ் வைத்து, பேரையூர் ஆஸ்பத்திரியில் கீறி ஆறிய தழும்பு. எறும்பு கடித்தது என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். எங்கே, எப்போது என்று நான் கேட்டதில்லை.

"அந்த ஆளு?"

"பேயறைஞ்ச மாதிரி நின்னாரு. நான் உன்னைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடுறேன், பின்னாலயே வாராரு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாரு. ஏதோ சொன்னாரு. நான் திரும்பிப் பாக்கலை."

நான் ஆய்வேட்டில் எழுதிய வரியை, எனக்கு நானே தண்டனை மாதிரி, அம்மாவிடம் சொன்னேன். மழை மறுக்கப்பட்ட நிலத்தின் முகம்.

புடைக்கும் சத்தம் மறுபடி தொடங்கியது. "மழைக்கு நான் ஏன்டி அழணும்? அது நம்ம காடா?" என்றாள்.

5

இதுவரை எல்லோரும் பார்த்தது திரையிடுவதற்காக எடுத்த பிரதிகளை. கேமராவுக்குள் ஓடிய மூலச் சுருள் தேவசியின் தங்கை வீட்டுப் பரணில் கிடந்து, அவர் இறந்த பிறகுதான் எங்களிடம் வந்தது. மூலச் சுருளைக் கணினியில் ஏற்றும்போது, திரையில் மறைந்துபோகும் ஓரங்களும் சேர்ந்து வரும். திங்கட்கிழமை காலை வேலை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஏழாவது முகத்தைப் போட்டேன்.

படத்தின் கீழ் ஓரத்தில், விரல் அகலத்துக்கு, நான் இதுவரை பார்க்காத ஒரு துண்டு இருந்தது. அதில் அம்மாவின் வலது கை. கையில் சணல் கயிறு. ஐந்தாவது நிமிடத்தில் கை ஒருமுறை சுண்டியது. கயிறு விறைத்தது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி, இந்தத் தடவை பலமாக. மூன்றாவது முறை அவள் இழுத்தபோது படமே லேசாக ஆடியது. அவர் மணிக்கட்டு அசைந்திருக்கிறது. அந்த ஆட்டத்தைக்கூட நான் எழுதியிருக்கிறேன். 'கலைஞனின் கை நடுங்கிய கணம்' என்று.

பிலிமோடு வந்த பெட்டியில் அவருடைய நோட்டுகளும் இருந்தன. கணக்கு வாத்தியார் கையெழுத்து, கட்டம் போட்ட தாள். ஆய்வுக்காக மலையாளம் கற்றிருந்ததால் வாசிக்க முடிந்தது. எந்தச் சுருள், என்ன வெளிச்சம், எத்தனை அடி என்று குறிப்புகள். ஏழாவது முகத்துக்கு எதிரே வேறு எதுவும் இல்லை, இரண்டே வரி. 'மூந்நு ப்ராவஸ்யம் வலிச்சு. ஞான் நிர்த்தியில்ல.' மூன்று முறை இழுத்தாள். நான் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு தேவசி இரண்டு படம் எடுத்தார். இரண்டிலும் மனித முகம் கிடையாது. ஒன்றில் பூட்டின கதவுகள். இன்னொன்றில் படித்துறையில் இறங்கும் கால்கள், நனையும் துணி, தண்ணீர். முகத்தை விட்டு அவர் ஏன் விலகினார் என்பதற்கு அவரவர் ஒரு தத்துவம் சொன்னோம். என்னுடையது நாற்பது பக்கம்.

அவரை நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். பாலக்காட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர், ஓட்டு வீடு, எழுபது வயது. பேரையூரில் நீங்கள் எடுத்த ஏழாவது முகத்தின் மகள் என்றதும் உட்காரச் சொல்லாமல் அப்படியே நின்றார். பிறகு பால் சேர்க்காத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். நான் வியர்வைக்குக் கூந்தலைத் தூக்கி முடிந்தபோது என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது. "அம்மை எந்தெங்கிலும் பறஞ்ஞோ?" என்று கேட்டார். அம்மா ஏதாவது சொன்னாரா? "ஒண்ணும் சொல்லலை சார். சந்தோஷப்பட்டாங்க" என்றேன். சந்தோஷப்பட்டாள் என்பது நானாகச் சேர்த்தது. அவர் தலையை ஆட்டினார். கிளம்பும்போது வாசலில் நின்று, கயிற்றைப் பற்றி எழுத வேண்டாம் மோளே என்றார்.

தன்னடக்கம் என்று நினைத்தேன். ஆய்வேட்டின் நன்றியுரையில் அதையும் குறிப்பிட்டேன்.

அவர் மேல் எனக்குக் கோபமா என்று கேட்டால், பதில் தெரியவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது. இருபத்தெட்டு வருடம் ஒரு மனிதர் முகமே எடுக்காமல் இருந்திருக்கிறார். ஆனால் அந்தச் சுருளை எரிக்கவில்லை. படத்தில் சேர்த்தார், கடைசியில் வைத்தார், ஊர் ஊராகக் காட்டவிட்டார். நல்லது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆறு நிமிடம் எப்பேர்ப்பட்டது என்பதும் தெரிந்திருந்தது.

எனக்கும் தெரியும். அன்றைக்கு அந்த அறையில் நான் அதை ஒரு தடவையோடு நிறுத்தவில்லை.

6

எங்கள் பிரிவின் தலைவி உர்சுலா. என்னை வேலைக்கு எடுத்தவள், என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவள். எல்லாவற்றையும் சொன்னேன். படத்தில் அம்மாவின் கையைக் காட்டினேன், தேவசியின் நோட்டைக் காட்டினேன். கண் கலங்கினாள். பிறகு, "ஆனால் அந்த முகம்தான் படம், ஈஸ்வரி" என்றாள். என் முழுப் பெயர் மாரீஸ்வரி, இங்கே பாதிதான் அவர்கள் வாயில் நிற்கிறது. "அதை எடுத்துவிட்டால் நாம் திரையிடுவது என்ன?"

சட்டப் பிரிவு ஒரு யோசனை சொன்னது. அம்மா கையெழுத்துப் போடாவிட்டால், முகத்தை மட்டும் மங்கலாக்கிவிடலாம். ஆள் தெரியாதல்லவா? அதையும் அம்மாவிடம் சொன்னேன்.

"மூஞ்சிய அழிச்சுட்டு எதைக் காட்டுவாங்க? சேலையையா? சேலை நம்ம சரோசா மதினிது, இரவல்" என்றாள்.

"அப்ப நீ என்னம்மா சொல்ற? காட்டவே வேண்டாமா?"

"அப்பிடிச் சொன்னேனா? மொத அஞ்சு நிமிசம் நான் நல்லாத்தான் நின்னேன். அதைக் காட்டட்டும். இழுத்ததும் நிறுத்திரட்டும். அதுதானே பேச்சு?"

படிவத்தை நானே மாற்றி எழுதினேன். தமிழில் எழுதி அதற்கு ஜெர்மன் மொழிபெயர்ப்பும் வைத்தேன். 'கயிறு இழுக்கும் வரை சம்மதித்தேன். அதற்குப் பிறகு சம்மதிக்கவில்லை.' அம்மா மறுபடி லீவு போட்டுத் தல்லாகுளம் போனாள். வக்கீல் வாசித்துக் காட்டிவிட்டு, இந்த மாதிரி ஒன்றை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்றாராம். ஏழாம் வகுப்பில் நான் கற்றுக்கொடுத்த அதே கோணல் 'பே'யோடு கையெழுத்து வந்தது.

அதன் பிறகுதான் உண்மையான சண்டை. அம்மாவின் கை மூன்று முறை அசைகிறது. எந்த இழுப்பில் நிறுத்துவது? முதலாவது சின்ன அசைவு, கை தானாக ஆடியதாகக்கூட இருக்கலாம் என்றாள் உர்சுலா. மூன்றாவதில் நிறுத்தினால் இன்னும் இரண்டரை நிமிடம் கிடைக்கும். முகம் மாறத் தொடங்குவதாவது இருக்கும். பார்ப்பவர்களுக்குப் புரியும். "இரண்டரை நிமிடம்தான்" என்று கெஞ்சுவது மாதிரிச் சொன்னாள். எனக்கும் அந்த இரண்டரை நிமிடம் வேண்டும் போலத்தான் இருந்தது. வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். இருபது வயதில் என் அம்மாவுக்கு இருக்கிற ஒரே படம் இதுதான். கல்யாணத்துக்குக்கூட அவளுக்கு ஒரு போட்டோ கிடையாது.

இனியாவை முதன்முதலில் பள்ளியில் விட்ட வாரம், என்னைக் கதவுக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள். குழந்தை அழும், ஐந்து நிமிடம் பொறுங்கள், பழகிவிடும் என்றார்கள். இரண்டு நிமிடத்துக்குள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டேன். ஆசிரியை என்னைக் கண்டித்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, வேலை போகவில்லை, யாரும் நாளைக்கு வராதே என்று சொல்லவில்லை. என்னால் கதவைத் திறக்க முடிந்தது.

சனிக்கிழமை அம்மாவிடம் கேட்டேன். மூன்று இழுப்பில் எதில் நிறுத்தட்டும்?

"என்னடி கேள்வி இது? மொத இழுப்புதான் இழுப்பு" என்றாள். "மத்த ரெண்டும் கெஞ்சுனது."

7

முதல் இழுப்பில் நிறுத்தினோம். உர்சுலா தடுக்கவில்லை, ஆனால் திரையிடல் கையேட்டுக்கு நான் எழுதவிருந்த கட்டுரையை வேறொருவரை எழுதச் சொல்லிவிட்டாள். பல்கலைக்கழகத்துக்கு என் ஆய்வேட்டின் 'கயிறும் அறமும்' அத்தியாயம் தவறு என்று கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் வரப்போகிறது. அது என்ன ஆகும் என்று தெரியாது.

என் கணினியில் அந்த ஆறு நிமிடம் இருந்தது. "அதை நீ வச்சிருக்கியா?" என்று அம்மா கேட்டாள். வைத்திருக்கிறேன் என்றேன். அழி என்று சொல்லவில்லை. "பாக்குறியா?" என்றாள். "பாத்தேன்." "எம்புட்டுத் தடவை?" அன்றைக்கே அழித்துவிட்டேன். மூலச் சுருள் காப்பகத்தின் குளிர் அறையில் இருக்கிறது. அதை அழிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை.

திரையிடலுக்கு எழுபது பேர் வந்திருந்தார்கள். இனியாவைக் கணவரிடம் விட்டுவிட்டு நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஆறு முகங்கள் போயின. ஏழாவதாக அம்மா வந்தாள். பின்னால் மரம் இல்லை, ஒன்றும் இல்லை, வெளுத்த வானம். முழுச் சட்டகத்தையும் காட்டுவது என்று முடிவு செய்திருந்ததால் கீழே அவள் கையும் கயிறும் தெரிந்தன. இரவல் சேலையில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, லேசான சிரிப்போடு நின்றாள். இவ்வளவு ஓய்வாக அவளை நான் எப்போதும் பார்த்ததில்லை.

ஐந்தாவது நிமிடத்தில் அவள் கண் வலப்பக்கம் ஓடியது. கை சுண்டியது.

திரை இருண்டது. மிச்சமிருந்த ஆறு நிமிடத்தையும் இருட்டாகவே ஓடவிட்டோம். அரங்கில் ஒருவர் இருமினார். யாரோ பழுதாகிவிட்டதோ என்று திரும்பி, படம் ஓட்டும் அறையைப் பார்த்தார். இரண்டு பேர் எழுந்து போனார்கள். நான் காதுக்குப் பின்னால் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் படத்தில் அம்மா ஒரு முறைதான் இழுத்தாள், உடனே நின்றது. இந்தப் படத்தில் அவள் கயிற்றைப் போட்டுவிட்டு, காட்டுக்காரரைத் தாண்டி, பருத்திச் செடிகளுக்கு நடுவே ஓடி, முதல் எறும்பு ஏறுவதற்குள் என்னைத் தூக்கிவிட்டாள்.